முதலில் குழாய், அப்புறம் ரோடு

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம், மேற்கு மாம்பலம், பெரம்பூர் எனச் சென்னையின் பழைய பகுதிகளில் இயங்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தெருக்களில் பல காலமாகக் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். ரோடு போடச் சொல்லி நீங்கள் மனுக் கொடுப்பதையும், போட்டு முடித்ததும் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு மகிழ்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் புது ரோடு போட்ட தெருவிலிருந்துதான் எனக்கு அடிக்கடி போன் வருகிறது. "பாத்ரூம்ல தண்ணி எதிர்த்து வருது, கொஞ்சம் வந்து பாருங்க." போய்ப் பார்த்தால், வீட்டிலிருந்து தெரு மேன்ஹோலுக்குப் போகும் குழாய் பல வருஷங்களுக்கு முன்பே விட்டுப்போயிருக்கும். ரோடு போடும் இயந்திரங்களின் எடையில் மிச்சமும் நொறுங்கியிருக்கும். புது ரோட்டை வெட்ட அனுமதி லேசில் கிடைக்காது. மழைக்காலம் என்றால் சாலை வெட்டுக்கே மாநகராட்சி தடை போட்டுவிடும். அப்புறம் என்ன, நாலு மாதம் அடைப்பு எடுத்து எடுத்துத்தான் ஓட்ட வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த முறை ரோட்டுக்கு மனுப் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மேன்ஹோல் வரைக்கும் பூமிக்குள் என்ன குழாய் கிடக்கிறது, எந்த நிலையில் கிடக்கிறது என்று பாருங்கள். மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டு ரோட்டைக் கேளுங்கள்.

இந்த நகரத்தின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ல் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அதற்குப் பிறகு எத்தனையோ விரிவாக்கம் நடந்தது, 1978-ல் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் குடிநீர் வாரியம் வந்தது, பெரிய குழாய்கள் பல இடங்களில் மாறின. தெருக்குழாயைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. கவுன்சிலர் பேசுகிறார், பத்திரிகை எழுதுகிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் கிடக்கும் அந்த முப்பது, அறுபது அடிக் குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது தாத்தா போட்டது. எங்கே போகிறது என்று தாத்தாவுக்குத்தான் தெரியும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் தெருவில் இருக்கும், வீடு பின்னால் நீண்டுகொண்டே போகும். ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, கிணற்றடி, கொல்லை. கழிப்பறை கொல்லையில். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் பின்பக்கச் சந்து வழியாக ஆள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கொடுமை போய் ஃப்ளஷ் கக்கூஸ் வந்தபோது, கழிவுநீர் முன்பக்கத் தெருவுக்கு வந்தாக வேண்டியிருந்தது. பக்கத்துச் சுவர் இரண்டும் பொதுச்சுவர் என்பதால் வீட்டைச் சுற்றிக் கொண்டுவர இடமில்லை. அதனால் குழாயைக் கூடத்துக்கும் ரேழிக்கும் அடியிலேயே பதித்துக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அந்தக் கூடத்தில் கிரானைட் போட்டிருக்கிறீர்கள். மேலே இரண்டு மாடி ஏற்றி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்குப் போட்ட நாலங்குலக் குழாயில் ஐந்து குடும்பத்தின் தண்ணீர் போகிறது. பாகப்பிரிவினை ஆன வீடுகளில் இன்னும் விசேஷம். சுவர் எழுப்பி வீட்டை மூன்றாகப் பிரித்திருப்பார்கள், குழாய் மட்டும் கூட்டுக் குடும்பமாகவே இருக்கும். தம்பி வீட்டில் அடைத்தால் அண்ணன் வீட்டில் பொங்கும்.

அந்தக் குழாய் பெரும்பாலும் ஸ்டோன்வேர். சுட்ட களிமண், மேலே கண்ணாடி மாதிரி பளபளப்புப் பூச்சு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல ஸ்டோன்வேர் நூறு வருஷமானாலும் அரிக்காது. சாக்கடை வாயுவால் உண்டாகும் அமிலம் கான்கிரீட் குழாயைத் தின்னும், இதை ஒன்றும் செய்யாது. கெட்டுப்போவது ஜாயின்ட். ஒரு குழாய் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி நீளம்தான். அறுபதடி லைனில் இரண்டடிக் குழாய் என்றால் முப்பது இணைப்பு. ஒவ்வொன்றிலும் தார் தோய்த்த சணல் கயிற்றைத் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசியிருப்பார்கள். சணல் மக்கும். சிமென்ட் வெடிக்கும். மண் கொஞ்சம் இறங்கினால் ஒரு குழாய் தாழ்ந்து அடுத்தது தூக்கி நிற்கும், அந்த விளிம்பில் துணியும் முடியும் சிக்கும். கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வரும். மதில் சுவரில் தானாக முளைத்த அரசங்கன்றை "சாமி மரம்" என்று விட்டுவைப்பீர்கள். அது குழாய்க்குள் இறங்கிக் குஞ்சம் கட்டியிருப்பதை ஒருநாள் வெளியே இழுத்துக் காட்டினால்தான் நம்புவீர்கள்.

இங்கே ஆசிட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடைத்துக்கொண்டால் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுகிற பழக்கம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. ஸ்டோன்வேருக்கு ஆசிட்டால் ஆபத்தில்லை, சரி. ஆனால் ஜாயின்ட்டில் இருப்பது சிமென்ட். ஆசிட் அதைக் கரைக்கும். வார்ப்பிரும்புக் குழாய் என்றால் குழாயையே தின்னும். அடைப்பை எடுக்க ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கசிவுக்கு நாமே வழி பண்ணுகிறோம். அதற்கப்புறம் சேம்பர் (வீட்டுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் திறக்கிறவன் முகத்தில் அந்தப் புகை அடிக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

உங்கள் வீட்டில் என்ன குழாய் என்று தெரிந்துகொள்ள முதல் வேலை, சேம்பர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது. குழாயின் வாய் தடிமனாக, கரும்பழுப்பாக, பளபளப்பாக இருந்தால் ஸ்டோன்வேர். கறுத்து, உள்ளே செந்நிறத் துரு அடை அடையாகப் படிந்திருந்தால் வார்ப்பிரும்பு. மங்கலான சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். இதை மட்டும் உலர்ந்த நிலையில் கட்டரால் அறுக்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தால் யாரோ ஒரு கட்டத்தில் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வாயில் மட்டும் இரண்டடி பிவிசி செருகி உள்ளே பழையதை அப்படியே விட்ட வேலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாயைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சேம்பருக்குள் மண் சேர்கிறதா என்று பாருங்கள். கக்கூசிலிருந்து மண் வராது. எங்கோ குழாய் திறந்துகொண்டு, சுற்றியிருக்கும் மண்ணை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மண் போன இடத்தில் மேலே தரை பொள்ளலாகும். டைல்ஸைத் தட்டினால் சத்தம் மாறும். சேம்பர் ஓரத்தில் பெருச்சாளி மண் தள்ளியிருந்தாலும் அதே கதைதான், உடைந்த குழாய்தான் அதற்கு வாசல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறது, சுவரடியில் எந்தப் பெயின்ட் அடித்தாலும் உப்புப் பூக்கிறது, கிணற்றுத் தண்ணீர் திடீரென்று நாறுகிறது என்றால் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

கிணற்றைவிட எனக்குப் பயம் குடிநீர்க் குழாயும் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பும்தான். மூன்றடிச் சந்தில் மெட்ரோ வாட்டர் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. அந்த நேரம் பார்த்து யாராவது லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால், ஓட்டை இருக்கிற இடத்தில் சுற்றியுள்ள ஈரத்தையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். "மெட்ரோ வாட்டர்ல சாக்கடை கலந்து வருது" என்று புகார் எழுதுவதற்கு முன்னால், கலப்பது உங்கள் மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிடுவது நல்லது.

பார்க்க வழி இருக்கிறது. இரண்டு சேம்பருக்கு நடுவில் நேர்க்கோட்டில் போகும் லைன் என்றால் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் கண்ணாடி. முழு வட்டம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது, பிறை மாதிரி தெரிந்தால் நடுவில் இறங்கியிருக்கிறது. கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்கலாம். கக்கூசில் சாயத்தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிணற்றையும் சம்ப்பையும் கவனிக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. கேமரா வைத்துப் பார்ப்பதுதான் உத்தமம். நெகிழும் கம்பி முனையில் சின்னக் கேமரா, குழாய்க்குள் தள்ளிக்கொண்டே போனால் எந்த அடியில் உடைப்பு, எந்த அடியில் வேர் என்று திரையில் தெரியும். சென்னையில் இதை வாடகைக்குச் செய்து தருகிறார்கள். ஒற்றை வீட்டுக்குக் கூப்பிட்டால் கட்டுப்படி ஆகாமல் போகலாம். தெரு முழுக்க ஒரே நாளில் பார்ப்பதாகச் சங்கம் பேசினால் கணக்கு வேறு. இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ரோட்டுக்கும் இதற்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று உத்தரவு இருந்தும், மேலே மேலே போட்டு உயர்ந்த தெருக்களில்தான் உங்களில் பலர் குடியிருக்கிறீர்கள். படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறீர்கள். மழைத்தண்ணீர் உள்ளே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. தெருவில் பெரிய குழாய் நிரம்பினால் கழிவுநீர் மேன்ஹோல்களில் ரோட்டு மட்டம் வரைக்கும் ஏறும், அதற்குமேல்தான் தெருவில் வழியும். உங்கள் பாத்ரூம் தரை ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால், தெருவில் ஒரு சொட்டு வழிவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடைசிச் சேம்பரில் எதிர்நீரைத் தடுக்கும் வால்வு வேண்டும். குழாயை மாற்றுகிற அன்றைக்கே போட்டுவிட்டால் தனி வெட்டு வேண்டாம். அதை அவ்வப்போது திறந்து கழுவவும் வேண்டும், போட்டுவிட்டு மறந்தால் அதுவே அடைப்பு.

மழை நாளில் தெருத் தண்ணீர் வடிய மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடும் வேலையைச் சங்கத்து ஆட்களே செய்வதுண்டு. மொட்டை மாடி மழைக்குழாயைச் சாக்கடைச் சேம்பரில் சேர்த்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. சென்னையில் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு என்று ஆரம்பத்திலிருந்தே தனித்தனியாக வகுத்திருக்கிறார்கள். மழையைச் சாக்கடைக்குள் விட்டால் அது அடுத்த தெருவில் தாழ்வான வீட்டின் கக்கூஸ் வழியாக வெளியே வரும். மாடித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது மனிதர்கள் விஷயம். அடைப்பு தீராவிட்டால் "உள்ளே இறங்கி எடுக்கிற ஆள்" ஒருவரைக் கூப்பிடலாம் என்ற யோசனை வருகிறது. நான் போகும் இடங்களில் என்னிடமே கேட்கிறார்கள், நல்ல படித்த மனிதர்கள். 2013-ல் வந்த சட்டப்படி சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ தகுந்த பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம். நேரடியாகக் கூப்பிட்டாலும் கான்ட்ராக்டர் மூலம் கூப்பிட்டாலும் குற்றம்தான். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்துபோனவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் கிடக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைட் குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நிமிஷத்தில்தான் ஆள் விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். பழைய குழாய் ஒழுங்காக இருந்தால் யாரும் இறங்க வேண்டிய தேவையே வராது. மாற்றுவதற்கு நான் இவ்வளவு வற்புறுத்துவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தெரு மேன்ஹோல் என்றால் வாரியத்தில் சொல்லி இயந்திரத்தை வரவழையுங்கள். தாமதமானால் தாமதம்.

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்தால். மண்ணுக்கடியில் போடும் சாக்கடை லைனுக்கு என்றே தனி யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய் இருக்கிறது. ஐ.எஸ். 15328 என்ற இந்தியத் தர எண் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் செம்பழுப்பு நிறத்தில் வரும். சுவரில் இறக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்க்கு ஐ.எஸ். 13592. இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். கார் ஏறும் இடம் என்றால் எஸ்.என். 8 என்ற விறைப்பு வகையைக் கேட்டு வாங்குங்கள். இதில் ஒரு குழாய் ஆறு மீட்டர் நீளம்கூட வரும். முப்பது இணைப்பு இருந்த அறுபதடிக்கு இப்போது மூன்று குழாயும் ஒரு சின்னத் துண்டும் போதும்.

வாட்டம், அதாவது குழாயின் சரிவு, முக்கியம். நாலங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறங்குலத்துக்கு அறுபதுக்கு ஒன்று என்பது பழைய கணக்கு, வீட்டு வேலைக்கு இன்றைக்கும் அது போதும். அறுபதடி ஓட்டத்துக்கு நாலங்குலக் குழாய் ஒன்றரை அடி இறங்க வேண்டும், ஆறங்குலம் ஓரடி இறங்க வேண்டும். மேஸ்திரி கண்ணால் பார்த்து "வாட்டம் வந்துடுச்சு சார்" என்று சொல்வதை ஏற்காதீர்கள், ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூபால் மட்டம் பார்ப்பது) வைக்கச் சொல்லுங்கள். அடியில் மணல் விரித்துக் குழாயைப் படுக்க வைத்து, பக்கத்திலும் மேலேயும் மணலே போட வேண்டும். வெட்டியெடுத்த செங்கல் துண்டையும் கான்கிரீட் கட்டியையும் அப்படியே தள்ளி மூடுவதுதான் இங்கே வழக்கம், அது நாளைக்குக் குழாயில் குத்தும். திருப்பத்தில் 90 பாகை முழு வளைவு ஒன்றைப் போடாமல் சேம்பர் கட்டுங்கள். இடமே இல்லையென்றால் 45 பாகை வளைவு இரண்டு.

சேம்பர் சுவரில் பிவிசி நுழையும் இடத்தில் நிறைய வேலைகள் தோற்கின்றன. வழவழப்பான பிளாஸ்டிக்கை சிமென்ட் பிடிக்காது. குழாயின் மேல் சால்வென்ட் (பிவிசி ஒட்டும் பசை) தடவி, மணல் தூவிக் காயவிட்டு, அப்புறம் சிமென்ட் பூசினால் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷ வேலை. செய்கிறவர்கள் குறைவு, நின்று கேளுங்கள்.

சுண்ணாம்புக் காரைச் சுவர் வீடுகளில் அஸ்திவாரத்தை ஒட்டி நீளமாகப் பள்ளம் தோண்டிப் போட்டுவிடக் கூடாது, அதுவும் பொதுச்சுவர் என்றால். கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, பதித்து, மூடி நகர வேண்டும். கூடத்தை உடைக்கவே முடியாது என்கிறவர்களுக்கு, குழாய் முழுக்க நொறுங்காமல் இருந்தால், ரெசினில் ஊறிய உறையை உள்ளே செலுத்தி அங்கேயே இறுகவைக்கும் முறை ஒன்று உண்டு. உட்குழாயாக அது நிற்கும். ஆனால் இறங்கிப்போன வாட்டத்தை அது தூக்கிக் கொடுக்காது என்பதைச் சொல்லித்தான் செய்ய வேண்டும். புது வழியில் லைன் போட்டால் பழைய குழாயின் இரண்டு முனையையும் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெருச்சாளிக்கு வாடகையில்லாத வீடு.

இதில் சங்கம் செய்ய வேண்டியது, வீட்டுக்கு ஒரு தாளில் எழுதி வைப்பது. எந்த வருஷத்து வீடு, என்ன குழாய், எத்தனை அங்குலம், சேம்பர்கள் எங்கே, தெருவில் எந்த மேன்ஹோலில் சேர்கிறது, யாருடைய வீட்டோடு பங்கு. பங்காளிச் சண்டை இருக்கும் வீடுகளில் நான் கேட்டால் பதில் வராது, செயலாளர் கேட்டால் வரும். மதிலுக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவை வெட்டும் பகுதிக்கு வாரியத்தின் அனுமதியும் மாநகராட்சியின் சாலை வெட்டு அனுமதியும் வேண்டும். தெருவில் மாற்ற வேண்டிய வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் மனுச் செய்தால், வார்டு பொறியாளரிடமும் அதற்கேற்ப ரோட்டு வேலையைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்ளலாம். தனித்தனியாகப் போனால் ஆளுக்கொரு பள்ளம், ஆளுக்கொரு ஒட்டு. வாடகைக்குக் குடியிருப்பவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எங்கே எப்போது எதிர்த்து வருகிறது என்று வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

வெயில் காலத்தில் தொடங்கினால்தான் ஐப்பசி மழைக்கு முன் முடியும். கேமரா வைத்திருக்கிறவர்களிடம் நான் பேசித் தருகிறேன், அதற்குக் கமிஷன் வேண்டாம். மூடி திறக்க ஆளும் டார்ச்சும் கண்ணாடியும் என்னிடம் இருக்கின்றன. எந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதியில் குழாய் வேலை செய்யும் ஒருவன்